பத்து நிமிடச் சராசரி

வேளச்சேரி ஷாகிராவின் வேலை காற்றைப் படிப்பது. கோடையில் மேற்கிலிருந்து அனல்காற்று அடிக்கும். உச்சிப்பொழுது வாக்கில் கடல்காற்று அதை எதிர்த்து ஊருக்குள் நுழையும். இரண்டும் முட்டும் முகப்பில் காற்று அலையலையாய்ச் சுருண்டு புரளும். அந்தப் புரளலை அளக்கத் திருவான்மியூரில் ஒரு மொட்டைமாடியில் கருவி நட்டிருந்தாள். நொடிக்கு நொடி அது பதிந்துவைப்பதை, ஆய்வுக்கூட வழக்கப்படி பத்து நிமிடச் சராசரியாகச் சுருக்கித்தான் பார்ப்பாள்.

தம்பி உபைதுக்கு அடுக்குமாடிகளில் பெயிண்ட் வேலை. கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து சுவரோடு இறங்குவான். காற்றுதான் அவனுக்குப் பகை.

"இன்னா ஆபா, உன் கடல்காத்து இன்னிக்கு எப்போ டூட்டிக்கு வருது?" என்று அக்காவைக் காலையில் சீண்டுவான்.

"பன்னண்டரை இருக்கும். வரும்போது ஒரு தள்ளு தள்ளும், அப்போ மட்டும் மேல ஏறிடு. அப்புறம் சீராத்தான் வீசும்."

"கேட்டியா மச்சி?" என்பான், கூட வேலை பார்க்கும் ஹஸனிடம். "காத்துக்கே டைம்டேபிள் போடுது எங்க ஆபா!"

அன்றும் முதல் வீச்சு சொன்னபடியே வந்தது. இருவரும் மேலே ஏறி நின்றார்கள். காற்று அடங்கியது.

"இன்னும் கொஞ்சம் குந்துடா," என்றான் ஹஸன்.

"அதான் போய்ட்ச்சே," என்று உபைத் இறங்கினான். பாதிச் சுவரில் இரண்டாவது வீச்சு பலகையைச் சுழற்றி பால்கனி விளிம்பில் அறைந்தது. இடுப்புவார் அவனைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டது; முதுகெலும்பு தப்பவில்லை. இனிக் கால் வராது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

ஷாகிரா அன்றைய பதிவைச் சராசரி போடாமல் திறந்தாள். முதல் வீச்சு, அமைதி, பிறகு அதைவிடப் பெரிய அலை. பழைய நாட்களையும் திறந்தாள். பலவற்றில் அதே அலை. ஏற்றமும் இறக்கமும் பத்து நிமிடச் சராசரிக்குள் ஒன்றையொன்று விழுங்கி, அவள் கண்ணுக்கு நேர்கோடாகிக் கிடந்திருந்தன.

ஆஸ்பத்திரிக்கு அவள் போனபோது கட்டிலருகே ஹஸன் இருந்தான். மறுநாள் அவன் மறுபடி கயிறு ஏறவிருந்தான்.

"ஆபாவைக் கேட்டுக்கினு ஏறுடா," என்றான் உபைத்.

"ஹஸன், அடங்கிட்ச்சுன்னு எறங்காத," என்றாள் ஷாகிரா. "ரெண்டாவது ஒண்ணு வரும், பழைய பதிவுலயே இருக்கு. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு."

உபைத் மின்விசிறியைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்போ, உன் மெஷினுக்குத் தெரிஞ்சிருக்குது?"

"தெரிஞ்சிருக்கு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டுப்போட்ட உடம்பில் அவனால் திருப்ப முடிந்தது அவ்வளவுதான்.