கூரைப் பணத்தில் மிச்சம்

எங்கள் வீட்டுக்குக் கூரை மாற்றிய வருஷம் அம்மாவின் பட்ஜெட்டில் பணம் மிச்சமானது. ஒரே ஒரு நாள்தான் அந்த மிச்சம் நின்றது. அந்த ஒரு நாளும் என் கைங்கரியம். இத்தனை காலம் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதே வீட்டில் ஷீட்டை இறக்கிவிட்டுத் தளம் போட, தம்பியும் நானும் சேர்ந்து எஸ்டிமேட் கேட்டிருக்கிறோம். போன வாரம் மேஸ்திரி வந்து டேப்பை இழுத்து அளந்தபோது நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். வயது முப்பதாகிறது, இனி யாரும் அடிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் அப்போது எங்கள் வீடு பனை ஓலை வேய்ந்தது. ஊரைச் சுற்றி ஏரித் தண்ணீர் இருப்பது போதாதென்று மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்கும். அந்த வருஷம் தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். கார்த்திகையில் பிரசவம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எந்த மூலைக்கு ஓடுவேன் என்று அம்மா நைனாவைப் பிடித்துக்கொண்டாள். மழைக்கு முன்னால் சிமென்ட் ஷீட் போட்டாக வேண்டும். இல்லையென்றால் பிள்ளை பெற்றதும் நேராக லைட்ஹவுஸ் குப்பத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவாளாம், தை பிறந்தால்தான் திரும்புவாளாம். நைனா எதற்கும் அசையாத மனிதர். இதற்கு அசைந்தார்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு. அதனால் எங்கள் வீட்டுக் கூரை பட்ஜெட் முழுக்க என் கையெழுத்து. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: ஷீட்டு, சவுக்குக் கழி, கொக்கி ஆணி, பொன்னேரியிலிருந்து வண்டி வாடகை, பழவேற்காட்டிலிருந்து படகு, வேலைக்கு வருகிறவர்களுக்குச் சோறு. கறிச்சோறாகப் போட வேண்டும் என்றார் நைனா. ஏரியை வைத்துக்கொண்டு கறி எதற்கு, மீன் போதும் என்று அம்மா அதை அடிக்கச் சொன்னாள். அடித்தேன். பிரசவம் முடிந்து கட்டிக்கொள்ள நினைத்திருந்த புதுப் புடவையை அடிக்கச் சொன்னாள். அடித்தேன். கடைசி வரி ஃபேன். ஷீட் போட்ட வீடு வெயிலில் அடுப்பாகக் காயும், பச்சைக் குழந்தை தாங்காது என்று அவளே சொல்லி எழுதவைத்தது. தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். ஓர் எழுத்தும் தெரியாதவள், ஃபேன் இருந்த வரியின் மேல் மட்டும் சரியாக விரலை வைத்து, இதையும் அடித்துவிடு என்றாள்.

ஷீட் வாங்கிவரும் பொறுப்பு மாமாவுக்கு. மாமா என்றால் அம்மாவின் தம்பி; எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, அப்போது கல்யாணம் ஆகாதவர். கடையில் பேரம் பேச அவரை விட்டால் ஆளில்லை என்பது அம்மாவின் எண்ணம். தம்பி என்றால் அவளுக்கு எல்லாமே கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரியும்.

கடைக்காரருக்கு வீட்டின் நீளம் தெரிந்தால் போதும், எத்தனை ஷீட் என்று அவரே சொல்லிவிடுவார். ஆனால் நைனாவுக்கு அடிக்கணக்கு ஆகாது. வலையோ தண்ணீரின் ஆழமோ, எதுவானாலும் அவருக்குப் பாகம்தான். இரண்டு கைகளையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு என்பதால் எண்ணிக்கையை வாயால் சொல்லி அனுப்ப மாட்டார். புதுப் பச்சை நைலான் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்து, சுவரோரம் இழுத்துப் பிடித்து, வீட்டின் நீளத்துக்குச் சரியாக வெட்டினார். நாலு பாகம் இருந்தது. மறுநாள் காலையில் அந்தக் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்து, துறையில் மாமா படகு எடுக்கிறார், ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வா என்றார்.

எங்கள் வகுப்பில் அந்த மாதம் பெண்பிள்ளைகள் எல்லோரும் கயிறு தாண்டினார்கள். கைப்பிடி வைத்த கடைக்கயிறு இரண்டு பேரிடம் இருந்தது. என்னிடம் இருந்தது இற்றுப்போன தேங்காய்நார்க் கயிறு; மூன்று தாண்டினால் அறுந்துவிடும். கையில் இருப்பதோ வழவழவென்று புது நைலான். வழியில் வலை தைக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், கத்தி அங்கேயே கிடந்தது. நான் ஒன்றும் யோசிக்காமல் வெட்டவில்லை. நன்றாகவே யோசித்தேன். அம்மா எது வாங்கினாலும் கடைக்காரர் கொசுறு கொடுப்பார். கால் கிலோ வெண்டைக்காய்க்கே கொசுறு உண்டென்றால் இத்தனை ஷீட்டுக்குக் கட்டாயம் இருக்கும், அதில் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு பாகம் வெட்டி, கவுனுக்குள் செருகிக்கொண்டு, மிச்சத்தை மாமாவிடம் கொடுத்தேன்.

பிற்பகலில் மாமா படகு நிறைய ஷீட்டோடு வந்து சேர்ந்தார். ஷீட்டுகளுக்கு மேலே ஓர் அட்டைப் பெட்டி. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து அம்மா முன்னால் இறக்கினார்.

"அக்கா, நீ போட்ட கணக்குல மிச்சம். அதான் ஃபேனு வாங்கியாந்துட்டேன்" என்றார்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடிக்கச் சொன்ன வரி தானாக எழுந்து நடந்து வந்ததுபோல அந்தப் பெட்டியையே பார்த்தாள். அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு, என் தம்பி பேசினால் கடைக்காரன் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று பெருமை அடித்துக்கொண்டாள். நைனாவும் சந்தோஷம் தாங்காமல் பெட்டியைப் பிரித்து, இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஷீட்டை ஒருவரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. கொசுறு கொடுத்துவிட்டார்கள் என்றே நம்பினேன்.

மறுநாள் விடிந்ததும் தெரு ஆட்கள் வந்து ஓலையைப் பிரித்துத் தள்ளினார்கள். கழி கட்டி, ஷீட் ஒவ்வொன்றாக மேலே போனது. பன்னிரண்டாவது ஷீட்டுக்குக் கொக்கியை முறுக்கிவிட்டு நைனா அடுத்ததற்குக் கையை நீட்டினார். கீழே நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஒன்றும் இல்லை. அடுப்படிக்கு மேலே, ஒரு பாகம் நீளத்துக்கு, வானம் அப்படியே தெரிந்தது. கடல் பக்கம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

நாலு ஷீட் குறைச்சல். ஃபேனைக் கடையில் திருப்பலாமென்றால் பெட்டி பிரித்தாகிவிட்டது. கூரை மூடாத வீட்டுக்கு ஃபேன் வாங்கிய ஒரே குடும்பம் அந்தத் தீவில் நாங்களாகத்தான் இருப்போம். நைனா கீழே இறங்கி, அளவுக் கயிறு எங்கே என்று மட்டும் கேட்டார். படகில் கிடக்கிறது என்று மாமா துறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை, கால் நிற்கவில்லை.

மாமா படகில் நின்று கயிற்றைக் கைக்குக் கை அளந்துகொண்டே வந்தார். மூன்று பாகத்தில் கயிறு முடிந்தது. நுனியைப் பிடித்துப் பார்த்தார். அது நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துல இப்போ இன்னா ஆட்டம்மா ஆடுறீங்க?" என்று கேட்டார்.

அப்பாடா, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது என்று எனக்கு உயிர் வந்தது. "கயிறு தாண்டுறோம் மாமா. நான் நூறு தாண்டுவேன்" என்றேன்.

நூறா என்று கேட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சியைக் கிழித்து, பிரிந்த நுனியைத் தீயில் காட்டி, உருகியதும் கட்டைவிரலால் அழுத்தினார். நைலான் கயிற்றை வெட்டினால் எங்கள் ஆட்கள் உடனே இப்படி நுனியைக் கொளுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே போகும். இந்த அவசரத்திலும் மாமா வேலையில் எவ்வளவு சுத்தம் என்று நான் வியந்துகொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து கயிற்றை நைனாவிடம் கொடுத்தார். "படகு கட்றதுக்கு நான்தான் ஒரு பாகம் அறுத்தேன் மாமா. அளவுக் கயிறுன்றதே மறந்துட்டேன்" என்றார்.

நைனா இரண்டு நுனிகளையும் தடவிப் பார்த்தார். இரண்டும் கொளுத்திய நுனி. அதற்குப் பிறகு அவர் மாமாவைத் திட்டியதை எழுதினால் தாள் தாங்காது. அம்மா திட்டவில்லை. ஃபேன் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மாமா அவள் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"கவலப்படாதக்கா. வர்ற பாடு என்னுது. அதுல வுழற எறாலு பூரா உன் கூரைக்குதான்" என்றார்.

ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று எங்களுக்குள் முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். தாத்தா போன பிறகு அவருடைய பாடு மாமாவுக்கு வந்திருந்தது. இறால் ஓடும் மாதத்தில் ஒரு பாடு கிடைப்பது லேசுப்பட்டதல்ல. அந்தப் பணத்தில் பழைய மொபெட் ஒன்று வாங்கிப் பழவேற்காட்டிலேயே நிறுத்திவைத்து, திருப்பாலைவனம் பக்கத்து ஊர்களில் மீன் விற்கப்போவது என்று மாமா பேசி முடித்திருந்தார். அவர் பாடு வர இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளும் அடுப்படிக்கு மேல் தார்ப்பாய்தான். நாலாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. மாமாவின் வலையில் இறால் விழுந்தது, நாலு ஷீட் வந்தது, கூரை மூடியது. பிரசவம் முடிந்து அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். வெளியே பேய்மழை கொட்ட, ஒரு சொட்டுக்கூட உள்ளே விழாத வீட்டில், ஃபேனுக்குக் கீழே தம்பி தூங்கினான். மொபெட்டை வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். அடுத்த ஒரு வருஷம் மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். மீன் நாற்றம் என்று கண்டக்டர்கள் பாதி நாள் ஏற்றமாட்டார்கள். நான் நூற்றைம்பது தாண்டப் பழகியிருந்தேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது துணி காயப்போட நைலான் கயிறு ஒன்றை வெட்டிக் கட்டினேன். நைனா அதைப் பார்த்துவிட்டு, நுனியைக் கொளுத்தாமல் இப்படிப் பிரிய விட்டிருக்கிறாயே, வலைக்காரன் வீட்டில் சின்னப்பிள்ளை வெட்டினால்தான் இப்படி இருக்கும் என்று கடிந்துகொண்டார். நான் அந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். துறையில் மாமா கொளுத்தியது எதை என்று அப்போதுதான் விளங்கியது. நூறு தாண்டுவேன் என்று அவரிடம் என் வாயாலேயே ஒப்புக்கொண்டதும் விளங்கியது. அன்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இன்றைக்கும் மாமா எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன். அவர் தெய்வம் மாதிரி மனுஷர். இதற்குக் குறைவாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஊரில் அவருக்கு முக்கா என்று பேர். போன வாரம் மேஸ்திரிகூட, "முக்காண்ணே, டேப்ப அந்தாண்ட புடி" என்றுதான் கூப்பிட்டார். மாமாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, முக்கால் கூரை போட்டவர் நீங்கள்தானா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பேரை வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

நான்தான் வைத்தேன். அன்று நைனா திட்டி ஓய்ந்தபோது, நான் தப்பித்துவிட்ட குஷியில் இருந்தேன். மேலே தெரிந்த வானத்தையும் மாமாவையும் மாறி மாறிக் கை காட்டி, "முக்கா மாமா, முக்கா மாமா" என்று குதித்தேன். வேலைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். நைனா சிரித்துவிட்டார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மாமாதான். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லு என்றார். நான் வைத்த பேர் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.