என்ஜின் தண்ணீர் குடிக்காத ரயில்

எங்கள் திருமுல்லைவாயில் கோயில் தேருக்கு வந்துபோன பல்லாவரத்துப் பையன் வீட்டிலிருந்து அத்தையைப் பெண் கேட்டு ஆள் வந்தது. நைனா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நைனா என்றால் என் அப்பா. "அவ்ளோ தூரத்துல குட்த்தா, பொங்கலுக்குப் பொங்கல்தான் தங்கச்சி மூஞ்சிய பாக்கணும்" என்றார். அதற்குப்பின் அத்தை வாசலில் நின்று தேரடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா விடவில்லை. பீச்சிலிருந்து பல்லாவரம் வழியாகத் தாம்பரத்துக்குப் புதிதாக மின்சார ரயில் விட்டிருந்தார்கள். "ஒரு தபா ஏறிப் பாருண்ணா, அப்பால வாணாம்னு சொல்லு" என்று கெஞ்சிக் கூத்தாடி நைனாவைக் கிளப்பினார். நானும் வாலாக ஒட்டிக்கொண்டேன்.

சென்ட்ரல் வரை வழக்கமான புகைவண்டி. எதிரே பார்க் ஸ்டேஷனில் வந்து நின்ற வண்டிக்குப் புகையும் இல்லை, முன்னால் என்ஜினும் இல்லை. நைனா நம்பவில்லை. பின்னால் எங்கோ ஒளித்து வைத்திருப்பார்கள் என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம். திருத்தணிக்குப் போகும்போதெல்லாம் அரக்கோணத்தில் என்ஜின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இவரும் இறங்கி, சாவகாசமாக ஒரு சோடா குடித்துவிட்டு ஏறுவார். அதே நினைப்பில் சைதாப்பேட்டையில் செம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "என்ஜின் தண்ணி குடிக்கங்காட்டியும் வந்துட்றேன்." அவர் குழாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

கிண்டியில் என்னை இழுத்துக்கொண்டு இறங்கிய சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. நைனாவின் கோபம் ஊரறிந்தது. "போச்சிடா, உங்க அத்தை கல்யாணம் போச்சு" என்றார்.

அவர் புலம்பி முடிக்கவில்லை, அடுத்த வண்டி வந்து நின்றது. வாசலில் நைனா. கையில் தண்ணீர் தளும்பும் செம்பு, முகமெல்லாம் பல். "இன்னாடா இது! ஒண்ணு போனா பின்னாலயே இன்னொண்ணு வந்துகினு கீது! ஏறுங்கடா சீக்கிரம்!"

பல்லாவரத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. நைனா ரயில் புராணம் பாடி முடித்து, தை மாசமே வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். எனக்கு இரண்டு லட்டு கிடைத்தது.

அத்தைக்கு நான்தான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் என்னை உட்காரவைத்து, நைனா சைதாப்பேட்டையில் இறங்கியதிலிருந்து கிண்டியில் சிரித்தது வரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். "அண்ணன் சிரிச்சாரா? நெசமா சிரிச்சாரா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ரயில் மேல் அவளுக்கு இத்தனை ஆசையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்று ஒரு வார்த்தைகூட அவள் கேட்கவில்லை. பாவம் அந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.