நாய் சந்நியாசம் வாங்கிய கதை

நான் போர் நாவல் எழுதுகிறவன். போரைப் பார்த்ததில்லை. கார்த்திகை தீபம் முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தோடு முட்டி மோதிச் செங்கம் பஸ்ஸில் இடம் பிடித்திருக்கிறேன். என் போர்க்கள அனுபவம் அவ்வளவுதான். இருந்தாலும் இதுவரை மூன்று சிறுவர்களின் வெகுளித்தனத்தை என் கையாலேயே தொலைத்திருக்கிறேன். ஒருவனுக்குக் குண்டுவீச்சில் போயிற்று, ஒருவனுக்கு முகாமில். மூன்றாமவனுக்கு எப்படிப் போயிற்று என்று எனக்கே சரியாக நினைவில்லை. அந்தப் புத்தகத்துக்குத்தான் விருது கொடுத்தார்கள்.

மனைவிக்கு அரசு வேலை, ஆகவே எனக்கு இலக்கியம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி வாடகை வீடு. அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதா, சிலிண்டர் வந்ததா என்று வாழ்க்கை குறுக்கே வந்துகொண்டிருப்பதால், எழுதுவதற்கு ஆசிரமம் பக்கம் உள்ள ஒரு காபிக் கடைக்குப் போய்விடுவேன். பக்கத்து மேஜையில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தங்களுக்குள்ளேயே தொலைந்துபோன குழந்தையைத் தேடி அத்தனை தூரம் விமானம் ஏறி வந்தவர்கள். அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள், நான் இந்தப் பக்கம் ஒரு குழந்தையைத் தொலைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு மேஜைக்கும் ஒரே இஞ்சி டீதான்.

என் பதிப்பாளர் நல்ல மனிதர். நாலாவது நாவலின் முதல் சில அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் போன் செய்தார்.

"யுத்தம் இருக்கு, பையன் இருக்கான், கை ஒடிஞ்ச பொம்மை இருக்கு. எல்லாம் கரெக்டா இருக்கு சார். ஆனா பையன் வெகுளித்தனம் ஜாஸ்தி நாள் தாங்குது. மூணாவது அத்தியாயத்துலயே முடிச்சுட்டீங்கன்னா வாசகருக்கு நல்லா இருக்கும்."

முடித்துவிடலாம் என்றேன். எனக்கு அது கைவந்த தொழில். வீட்டில் மட்டும் என் தொழிலே வேறு. அங்கே ஒரே ஒரு வெகுளித்தனத்தை ஐந்து வருஷமாகக் கட்டிக் காத்துவந்தேன். என் மகளுடையது. அது கெட்டுவிடக்கூடாது என்பதைத் தவிர எனக்குப் பெரிதாக வேறு கவலை இருந்ததில்லை.

விஷயம் ஒரு நாய். ஊர்ப் பார்வையில் தெரு நாய், மகள் பார்வையில் எங்கள் வீட்டு நாய். அவள் இரண்டாம் வகுப்பு படித்த சமயம். ஒரு பௌர்ணமிக் கூட்டம் வடிந்த காலையில் பால் வாங்கப் போனேன். ஊருக்குத் திரும்பிய வேன் ஏதோ ஒன்று அதை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பௌர்ணமிக் குப்பையை அள்ள வந்த வண்டி பக்கத்திலேயே நின்றது. "உங்க நாயா சார்?" என்று துப்புரவுப் பணியாளர் கேட்டார். "தெரு நாய்தாங்க" என்றேன். அவர் அதை ஒரு சாக்கில் எடுத்து, தண்ணீர் பாட்டில்களும் அன்னதானத் தட்டுகளும் கிடந்த வண்டியில் போட்டார். நான் பால் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

சமையலறையில் மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். கண் கலங்கிவிட்டாள். "எல்லாம் முடிச்சிட்டீங்களா?" என்றாள். முடிந்தது என்றேன். அது பொய்யில்லை. "பாப்பாகிட்ட நேரா சொல்லிடலாம்ங்க" என்றாள். குழந்தை மனசு என்றால் என்ன தெரியுமா, அது எப்படி உடையும் தெரியுமா என்று அவளுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் நூலகத்தில் ஒரு கூட்டத்தில், குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லப் பயப்படுகிறவன் எழுத்தாளனே இல்லை என்று பேசிக் கைதட்டு வாங்கியிருந்தேன். கூட்டம் வேறு, வீடு வேறு.

மகள் எழுந்து நாயைக் கேட்டாள். ராத்திரி கிரிவலம் வந்த ஒரு சாமியார் பின்னாலேயே போய்விட்டது, அவரோடேயே தங்கிவிட்டது என்றேன். "திரும்பி வராதா?" என்றாள். சந்நியாசம் வாங்கினவர்கள் வீட்டுக்குத் திரும்புவது வழக்கமில்லை என்று விளக்கினேன். நம் ஊரில் எடுபடாத கதையா இது? இன்ஜினீயரே வேலையை விட்டுவிட்டுக் காவி கட்டுகிற ஊரில் ஒரு நாய் கட்டக் கூடாதா?

அதன்பிறகு பௌர்ணமிதோறும் டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கி அவள் கையில் கொடுத்துவிடுவேன். இரண்டு பேரும் பாதையோரம் நடப்போம். சாமியார்களின் காலடியில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாயையும் அவள் உற்றுப் பார்த்துவிட்டுப் பொறையைப் போடுவாள். கேட்டால் சொல்வதற்குப் புதுப்புதுக் கதைகள் தயாராக வைத்திருந்தேன். ஒருமுறை நாய் வடக்கே யாத்திரை போயிருந்தது. ஒருமுறை மௌன விரதத்தில் இருந்தது, கூப்பிட்டாலும் குரைக்காது. அவள் ஏழாம் வகுப்புக்கு வந்தும் இந்தக் கதையை நம்புகிறாள் என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. தெருவில் அவள் வயசுப் பிள்ளைகள் ரீல்ஸ் போட்டு லைக் எண்ணிக்கொண்டிருக்க, என் மகள் மட்டும் குழந்தையாகவே இருந்தாள். அதற்குக் காரணம் என் கதைசொல்லும் திறமை என்று நான் நம்பினேன்.

பதிப்பாளர் கேட்ட மூன்றாவது அத்தியாயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். குழந்தை அழுகிறதா என்று பார்த்தால் அத்தியாயம் தேறுமா என்று தெரிந்துவிடும். கதை இதுதான்: பையனின் அண்ணன் போரில் செத்துவிடுகிறான். அம்மா பையனிடம், அண்ணன் டவுனில் வேலையில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். பிறகு ஒரு நாள் ரத்தம் காய்ந்த சட்டையைப் பார்த்துப் பையனுக்கு உண்மை தெரிகிறது. மூன்று பக்கத்துக்குக் கதறுகிறான். நானும் குரலை ஏற்றி இறக்கித்தான் வாசித்தேன்.

அவள் அழவில்லை. "இந்தப் பையனுக்கு முன்னாடியே தெரியும்ப்பா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பண்டிகைக்குக்கூட அண்ணன் வருவான்னு அம்மா அவன் தட்ட எடுத்து வெக்கறதே இல்லியே. தெரிஞ்சிருக்கும். அம்மா பாவம்னு சொல்லாம இருப்பான்."

சிரித்தேன். "நீயா இருந்தா அப்படிச் சொல்லாம இருப்பியா?"

"நான் சொல்லலியே." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நம்ம நாய வேன் அடிச்சிடுச்சுன்னு அன்னிக்கே ஸ்கூல் ஆட்டோல சொன்னாங்க."

"அப்புறம் ஏம்மா இத்தினி வருஷமா பொறை போட்ட?"

"நீதான வாங்கினு வந்து கையில குடுப்ப. வேணாம்னா உனக்கு ஒரு மாதிரி ஆயிடும் இல்ல."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது, கூடவே இதை அப்படியே மூன்றாவது அத்தியாயத்தில் போட்டால் பதிப்பாளர் அசந்துவிடுவார் என்றும் யோசனை ஓடியது. வெட்கங்கெட்ட தொழில். நான் மனசுக்குள் வசனம் அமைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

"பின்னாடி முருங்கைமரம் பக்கத்துல மண்ணு கிளறி இருந்துச்சே, அங்கதானப்பா பொதச்ச? மிச்சப் பொறைய நான் அங்கதான் வெப்பேன்."

அது அந்தச் சமயத்தில் வாழைக்கன்று வைக்க நான் தோண்டிய குழி. கன்று பிழைக்கவில்லை, குழியை மூடிவிட்டேன். வேன் அடித்தது தெரியும், சாமியார் கதை பொய் என்பது தெரியும். அப்பா அதை எடுத்துவந்து புதைத்திருப்பார் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. நான் காத்துவந்ததாக நினைத்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டிருந்தது. அவளிடம் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஐந்து வருஷமாக நாயை வடக்கே அனுப்பினவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் இவ்வளவையும் தாங்கினவளிடம் இனி எதற்குப் பொய் என்று தோன்றிவிட்டது. அவள் பெரியவளாகிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இல்லம்மா. குப்பை வண்டியில எடுத்துனு போயிட்டாங்க."

"யாரு நாய்னு அவங்க கேக்கலியா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தெரு நாய்னு சொன்னேன்."

குண்டு விழுந்தபின் ஒரு சிறுவனின் முகம் எப்படி ஆகும் என்று எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். அவ்வளவும் புளுகு. முகத்தில் ஒன்றுமே ஆவதில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, அங்கே அவள் அம்மா தாளிக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அம்மாகிட்ட இத சொல்லிடாதப்பா. நீ பொதச்சேன்னுதான் அவங்க நெனச்சினு இருக்காங்க."