டெவில் அண்ணனும் ஆல்ட் பட்டனும்

போன வாரம் ஆபீசில் புது லேப்டாப் கொடுத்தார்கள். அப்பளம் மாதிரி மெல்லிசு. ஆனால் வலது பக்கம் நம்பர் பேட் இல்லை. பழக்கதோஷத்தில் என் கை அங்கே போய், வெறும் மேஜையைத் தட்டிவிட்டுத் திரும்பியது.

ராயபுரத்தில் ஏற்றுமதிக் கன்டெய்னர்களுக்குப் பேப்பர் போடும் ஆபீஸ் எங்களுடையது. சேர்ந்த புதிதில் என் வேலை உறைந்த இறாலுக்கு டெம்பரேச்சர் அடிப்பது. மைனஸ் பதினெட்டு, அதன் தலையில் ஒரு குட்டி வட்டம். அந்த வட்டம் கீபோர்டில் எங்கேயும் கிடையாது. ஆல்ட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நம்பர் பேடில் 0176 தட்டினால்தான் வரும். இறாலை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் வீட்டுக்குப் போனால் அம்மா, "இன்னாடி, மேலெல்லாம் கவுச்சி" என்பாள்.

வட்டம் வந்தால், வேறு நம்பருக்கு வேறென்ன வரும் என்று தோன்றாதா? சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். சிலுவை வந்தது. தொப்பி போட்ட ஏ, குறுக்கே கோடு கிழித்த டி எல்லாம் வந்தன. எந்த ஊர் எழுத்தோ, என்ன உச்சரிப்போ தெரியாது; நம்பர் மட்டும் மனப்பாடம்.

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு இன்வாய்ஸில் என்ன செய்ய முடியும்? கேமில் செய்யலாம். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்கு மாடியில் அண்ணாச்சி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பெருங்காய வாசனையோடு படியேறினால் எட்டு கம்ப்யூட்டர், நடுவே பிளைவுட் தடுப்பு. வேலை முடிந்து தினமும் ஆறு மணிக்கு, திரைச்சீலை போட்ட மூலைக் கேபினில் உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை ஆடுவேன். வேலைக்கு மனு போட வருகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கேமில் என் பெயர் †Ðëvíl†. அந்தப் பெயருக்குள் ஒரு பெண் இருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

தடுப்புக்கு அந்தப் பக்கம் டில்லிபாபுவும் அவன் தோஸ்துகள் நாலு பேரும். அவர்களுடைய டீமில்தான் நான் ஆறாவது ஆள். அது அவர்களுக்குத் தெரியாது. டெவில் அண்ணன் மணலியில் இருக்கிறார், மீசை வைத்திருப்பார் என்றெல்லாம் அவர்களே முடிவுகட்டியிருந்தார்கள். "டெவில் அண்ணன் கையி மிஷின் மாமு" என்று டில்லி சொல்வது பிளைவுட் வழியாகக் கேட்கும். சாட்டில் வந்து, 'அண்ணா, அந்த சிலுவை எப்படி?' என்று கெஞ்சுவான். 0134 என்று அருள்பாலிப்பேன். மறுநாள் ஐந்து பேரும் ஆளுக்கு நாலு சிலுவை வைத்திருப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில்கூட அத்தனை நெருக்கமாகப் பார்த்ததில்லை.

ஒருநாள் பிரியா என்ற பெயரில் ஒருத்தி கேமுக்குள் வந்தாள். சிலுவை இல்லை, தொப்பி இல்லை, வெறும் பிரியா. நன்றாகத்தான் ஆடினாள். 'வூட்ல போயி மாவாட்டு' என்று சாட்டில் ஆரம்பித்தான் டில்லி. மற்றவர்கள் இன்னும் கலீஜாகப் போனார்கள். அவள் பதிலே சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆல்ட்டை அமுக்கி 2 தட்டினேன். ☻. சிரிக்கும் முகம். சிரிக்காவிட்டால் என்னைச் சந்தேகப்படுவார்களோ என்ற பயம். அடுத்த நிமிஷம் அவள் போய்விட்டாள். பிறகு வரவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு முதலில் அந்தப் பெயரைத்தான் தேடினேன்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரம்பூர் சென்டர் டீமோடு மேட்ச். டில்லி கொருக்குப்பேட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தான். பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். முதல் ரவுண்டு ஜெயித்தாயிற்று. நான் சாட்டில் போட்டேன்: 'புது ஐட்டம். பேருக்கு மேல கிரீடம் வரும். ஆல்ட்டோட எஃப் ஃபோர். நான் மூணு எண்ணினதும் எல்லாரும் ஒண்ணா அமுக்குங்க.'

அமுக்கினால் கேம் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். ஐந்து பேரும் அமுக்கினார்கள்.

"டேய், இன்னாடா இது! எல்லாம் பூட்ச்சு!" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே அலறல். தோற்றது என் டீமும்தான், ஆனால் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டில்லி வந்து திரைச்சீலையை இழுத்தான். என் மானிட்டரில் டெவில் அண்ணன் தன்னந்தனியாகப் பெரம்பூர்க்காரர்களிடம் குண்டடி பட்டுக்கொண்டிருந்தார். டில்லி அதைப் பார்த்தான், என் துப்பட்டாவைப் பார்த்தான்.

அண்ணாச்சிதான் தீர்ப்பு சொன்னார். "ஏம்மா, பயலுவ சத்தம் போடுதானுவ. நமக்கெதுக்கு வம்பு? நாளையிலேர்ந்து நீ வராண்டாம்." சத்தம் போட்டது அவர்கள், வெளியே போனது நான்.

ரெண்டு நாள் கழித்து ரயில்வே கேட்டில் டில்லி எதிரே வந்தான். கூட்ஸ் வண்டி நின்றிருந்ததால் இருவராலும் தப்பிக்க முடியவில்லை.

"பொண்ணுன்னு சொல்லிகீலாம்ல?" என்றான்.

"சொல்லியிருந்தா?"

யோசித்தான். "டீம்ல சேத்துருக்க மாட்டோம்" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன். வண்டி நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அந்த குறுக்க கோடு போட்ட டி... அது இன்னா நம்பரு?"

0208 என்றேன். இந்த முறை சரியான நம்பர்தான்.

இப்போது அந்த மாடியில் அண்ணாச்சியின் மகன் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறான். பெயருக்கு இறக்கை, கிரீடம் எல்லாம் போனிலேயே காப்பி அடித்துக்கொள்ளலாம், ஒரு நம்பரும் தெரிய வேண்டாம். டைப் அடிப்பதே போய்விட்டது. ஆடுகிறவர்கள் எல்லோரும் மைக்கில் பேசிக்கொள்கிறார்கள். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த நிவேதா சாப்பாட்டு நேரத்தில் ஆடுவாள். அவள் போனிலிருந்து ஆண் குரல்கள் கத்தும், அவள் மட்டும் பேச மாட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"மைக் ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்கேங்க்கா" என்றாள். "ஒரு வருஷமா ரிப்பேர்."