கோட்டுக்கு மேலே ஏற்றிய இருக்கை

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கேமரன் மலையின் பிரிஞ்சாங் ஊரில் சைக்கிள் வாடகைக் கடை திறந்தது. நான் ஏழு மணியிலிருந்தே அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மல்லிகா எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து நிதானமாக ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். நான் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தேன்.

மல்லிகாவும் நானும் கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஆசிரியைகள். பதினோரு ஆண்டுகளாக ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். அவளுக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு ஒன்று குறைவு. கேமரன் மலைக்கு இரண்டு நாள் போய் வரலாம் என்று கூப்பிட்டது நான்தான். தெற்கே ஜொகூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன், கிடைத்தும் விட்டது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் மாற்றல் கேட்டாய் என்றால் சரியான காரணம்கூட என்னிடம் இல்லை. ஒரே இடத்தில் நாள் அதிகமானால் எனக்குக் கால் பரபரக்கும். மலையில் நல்ல காற்றில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பேருந்தில் சொல்லவில்லை. இரவுச் சந்தையில் சோளம் வாங்கித் தின்றபோதும் சொல்லவில்லை.

சைக்கிள் ஒன்றுக்கு நாள் வாடகை நாற்பது வெள்ளி, தலைக்கவசம் சேர்த்து. கடைக்காரர் இரண்டு வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குக் கிடைத்தது ஓரளவு பொருந்தியது. மல்லிகாவின் வண்டியில் இருக்கை தாழ்ந்திருந்தது. உட்கார்ந்ததும் முழங்கால் வயிற்றை நோக்கி ஏறியது.

"இதைக் கொஞ்சம் சரி பண்ணச் சொல்லலாமா?" என்றாள்.

"போற வழியில பாத்துக்கலாம். வெயில் ஏறிடும்."

அந்த உயரத்தில் வெயில் எங்கே ஏறப்போகிறது! மேகம் தோட்டங்களின் மேல் படுத்திருந்தது. எட்டு மணிக்குக் கிளம்பினோம். பிரிஞ்சாங்கிலிருந்து கோலா தெர்லாவுக்குச் சுமார் பதினான்கு கிலோமீட்டர். முதலில் கியா பார்ம் காய்கறிச் சந்தை வரை ஏற்றம். பிறகு பெரும்பாலும் இறக்கம். கோலா தெர்லாவில் பகல் சாப்பாடு, மூன்று மணிக்குள் திரும்புவது என்று நேரப்படி எழுதியே வைத்திருந்தேன்.

கியா பார்ம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்தன. சாலையின் இரு புறமும் பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகள். உள்ளே தக்காளியும் செவ்வந்தியும். நான் முன்னால் போய் நிற்பதும் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தேன். மல்லிகா வருவதற்கு ஐந்து நிமிடம், சில சமயம் எட்டு நிமிடம். கடைசி வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"முட்டிக்கு முன்னால குத்துது லா," என்றாள். முழங்கால் சில்லைத் தொட்டுக் காட்டினாள்.

மணி ஒன்பதேகால். ஸ்ட்ராபெரி டப்பா பத்து வெள்ளி என்று கூவிய கடையின் பக்கத்தில் நிறுத்தி, வேலையில் இறங்கினேன். இருக்கையைத் தாங்கும் கம்பியைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்க ஒரு சிறு லீவர் இருக்கும். அதைத் திறந்தேன். இருக்கை தாழ்ந்திருப்பதால்தானே வலி, அப்படியானால் நன்றாக ஏற்றிவிடுவோம் என்று ஒரே இழுப்பாக ஒரு சாண் மேலே இழுத்தேன். லீவரைக் கட்டை விரலால் தள்ளி மூடினேன். சுலபமாகவே மூடிக்கொண்டது. கம்பியின் அடிப்பக்கத்தில் ஏதோ கோடும் எழுத்தும் கண்ணில் பட்டன. படிக்கவில்லை.

மல்லிகா ஏறி ஒரு சுற்று வந்தாள். "ரொம்ப உசரம் போல. கால் எட்டி எட்டிப் போகுது."

"போகப் போகப் பழகிடும்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெடலில் காலை வைத்தாள்.

கியா பார்மைத் தாண்டியதும் சாலை இறங்கத் தொடங்கியது. கூட்டம் குறைந்து, காய்கறி ஏற்றும் லோரிகள் கூடின. முட்டைக்கோஸ் இலையும் கோழி உரமும் கலந்த வாடை. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகள் படிப்படியாக இறங்கின. தேயிலையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் ஏமாற்றமாக இருக்கும். இது முழுக்கக் காய்கறி நாடு. மல்லிகா எனக்கு முன்னால் போனாள். ஒவ்வொரு மிதிக்கும் அவள் இடுப்பு இடமும் வலமுமாகச் சாய்ந்து ஆடியதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அப்போதும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் மாற்றல் விஷயத்தை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்றுதான் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தரை மணி இருக்கும். கோலா தெர்லாவுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். ஒரு வளைவில் மல்லிகா பிரேக் பிடித்துப் பின்னால் சாய்ந்து அமர்ந்தாள். இருக்கை இடது பக்கம் திரும்பியது. அதே வேகத்தில் கம்பி சரசரவென்று உள்ளே இறங்கியது. அவள் நிலை தவறி நடுச்சாலையை நோக்கிப் போனாள். எனக்குப் பின்னாலிருந்து ஹாரன் அலறியது. ஒரு லோரி என்னைத் தாண்டிச் சென்று, டயர் கிறீச்சிட நின்றது. லோரி மறைத்ததால் எனக்கு மல்லிகா தெரியவில்லை.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். லோரியின் முன்சக்கரத்துக்கும் அவளுக்கும் இடையே நான்கடிகூட இல்லை. அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்கை உரிந்து இரத்தம் கசிந்தது. தலைக்கவசத்தில் ஒரு கீறல். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று அவள்தான் என்னிடம் சொன்னாள்.

லோரியிலிருந்து குதித்தவருக்கு முப்பது வயது இருக்கும். பெயர் குமரன் என்று பிறகு தெரிந்தது. முகம் வெளுத்திருந்தது, அதனால்தானோ என்னவோ கத்தினார்.

"என்னக்கா இது? ரோட்டு நடுவுல வந்து விழுறீங்க! காலி லோரி, அதனால நின்னுச்சு. லோட் இருந்திருந்தா நிக்குமா?"

சொல்லிக்கொண்டே அவளைக் கைதாங்கலாக ஓரத்துக்குக் கொண்டுவந்தார். அவளை எழுந்து நிற்கச் சொல்லி, கையைக் காலை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். லோரியை ஒதுக்கி நிறுத்திவிட்டு வந்து சைக்கிளைத் தூக்கினார். இருக்கையைப் பிடித்துத் திருப்பினார். அது சும்மா சுழன்றது. கம்பியை வெளியே உருவியபோது முகம் மாறியது.

"சீட்டு எதுவரைக்கும் ஏத்தி இருந்துச்சு?"

மல்லிகா காட்டினாள்.

"இந்தக் கோடு தெரியுதா? இது வெளிய தெரியவே கூடாது. எப்பவும் சட்டத்துக்குள்ள இருக்கணும். இதுக்கு மேல ஏத்துனா உள்ள பிடிப்பே இல்ல. கம்பி முறிஞ்சிருந்தா என்ன ஆவுறது? யாரு இப்படிப் பண்ணது?"

மல்லிகா என் பக்கம் திரும்பவே இல்லை. "கடையில கொடுத்தாங்க," என்றாள்.

"கடைக்காரனுக்குக் கூடவா தெரியாது? எந்தக் கடை? நான் போய்க் கேக்குறேன்."

கடையின் மேல் பழி விழட்டும் என்று ஒரு நொடி நானும் விட்டுவைத்தேன். ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியை இன்றும் நினைத்தால் கூசுகிறது.

"நான்தான் ஏத்துனேன்," என்றேன். "கோட்டைப் பாத்தேன். படிக்கல."

குமரன் அதற்குமேல் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டுகிறவராம். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றப் பதினொன்றரைக்குப் போக வேண்டும் என்று மணியைப் பார்த்தார். பிறகு கம்பியைக் கோடு மறையும்வரை உள்ளே செருகி லேசாக இறுக்கிவிட்டு, மல்லிகாவிடம், "ஏறி உக்காருங்கக்கா. லோரியைப் பிடிச்சுக்குங்க. நீங்க பின்னால பிடிங்க," என்று என்னையும் சேர்த்துச் சொன்னார்.

"பெடலை அடியில கொண்டு வாங்க. குதிகாலை அதுமேல வைங்க. கால் நேரா வரணும், ஆனா இடுப்பு சாயக் கூடாது. சாயுதா? அப்ப இறக்கணும்."

அவள் இறங்கினாள், அவர் ஒரு விரல் அளவு தாழ்த்தினார், அவள் மீண்டும் ஏறினாள். இப்படி மூன்று முறை.

"இப்ப முன்பாதத்தை வைங்க. முட்டி லேசா மடங்குதா?"

"மடங்குது."

"அவ்வளவுதான். முன்னால வலிச்சா சீட்டு தாழ்வு. இடுப்பு ஆடுனா உசரம். எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும், ஒரே அடியா இழுக்கக் கூடாது."

லீவரின் மறுபக்கத் திருகைச் சற்று முடுக்கிவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி மூடினார். மூடியபின் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது. அப்படிப் பதிந்தால்தான் இறுக்கமாம். கடைசியாக இருக்கையை இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார், அசையவில்லை. கோடு சட்டத்துக்குள் மறைந்திருந்தது. பிரேக்கையும் சக்கரங்களையும் சரிபார்த்தார்.

"லோரியில ஏறிக்கிறீங்களா?"

"இல்ல தம்பி. ஓட்டிப் பாக்குறேன்," என்றாள் மல்லிகா. "இப்ப ஓட்டலன்னா அப்புறம் ஏறவே மாட்டேன்."

லோரி போய்விட்டது. மிச்ச இரண்டு கிலோமீட்டரை நாங்கள் இருபது நிமிடத்தில் கடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். ஒரு முறைகூட முந்தவில்லை.

கோலா தெர்லாவில் ஒரு கடையில் காயத்தைக் கழுவி மருந்துக் கட்டுப் போட்டோம். நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் வந்தது. அவள் முதல் வாய் குடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், "எனக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்திருக்கு. நானே கேட்டது," என்றேன்.

"தெரியும்," என்றாள். "ஸ்கூல் ஆபீஸ்ல பேப்பர் வேலை பாக்குற கிராணி ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே சொல்லிட்டாரு."

அவ்வளவுதான். பிறகு குடித்து முடித்தாள். ஒரு விவசாயியின் பிக்கப் வண்டியில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் திரும்பினோம். அவர் இருபது வெள்ளி கேட்டார். வழியெல்லாம் அவள் மிளகாய் விலையைப் பற்றி அவரோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. காலை ஏழரைக்கு அவளே காலணியை மாட்டிக்கொண்டு, "தேயிலையைப் பாக்காமலா போறது?" என்றாள். கடையில் அன்றைக்கு வேறு வண்டி கிடைத்தது. இருக்கையை அவளே சரிசெய்தாள். குதிகால், முன்பாதம், லீவர், முறுக்கிப் பார்ப்பது என எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயில் வந்த "போதும்" என்ற சொல்லை இரண்டு முறை விழுங்கினேன்.

பெரிய சாலையிலிருந்து பிரியும் குறுகிய தோட்டச் சாலையில் ஏறினோம். முதல் திருப்பத்திலேயே தேயிலை வந்துவிட்டது. கண்ணுக்கு எட்டியவரை செடிகள், வெட்டி நிரவிய மேடுகளாக. கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், அவற்றுக்கு நடுவே சிறிய முருகன் கோயில். ஒலிபெருக்கியில் பாட்டு மேலே மிதந்து வந்தது. மல்லிகா நிற்காமல் ஓட்டினாள். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி இல்லை என்றாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

பகல் இரண்டு மணிக்குப் பக்கத்து ஊரான தானா ராத்தாவிலிருந்து பேருந்து. கோலாலம்பூருக்கு ஆளுக்கு முப்பத்தைந்து வெள்ளி. அடிவாரத்துத் தாப்பாவுக்குப் போகும் வளைவுகளில் பேருந்து மெதுவாக இறங்கியது. குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது.

பாதி வழியில் அவள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"கீழ விழ வச்சதுகூடப் பரவால்ல. ரெண்டு வாரம் என்கூட உக்காந்து சாப்பிட்ட. ஒரு வார்த்தை சொல்லல. தினமும் இன்னைக்குச் சொல்லுவ, இன்னைக்குச் சொல்லுவன்னு பாத்தேன்."

பயமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான்.

ஜன்னலில் மூங்கில் காடு போய் டுரியான் பழக்கடைகள் வந்தன. கிள்ளானில் எங்கள் தெரு தட்டையாக, கடல்வரை ஏற்றமே இல்லாமல் கிடக்கும். அங்கே எவ்வளவு அவசரப்பட்டாலும் யாரும் உருண்டு விழுவதில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டும் என் அவசரம் எனக்கே தெரியாமல் இருந்தது போலும்.

மல்லிகா இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "நீ போக இன்னும் மூணு மாசம் இருக்கு லா. இப்பவே மூட்டை கட்டாத."

"அலமாரி மேல இருந்த துணிப்பெட்டியைப் போன வாரமே இறக்கி வச்சுட்டேன்," என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வீட்டுக்குப் போனதும் திரும்ப மேல ஏத்திடு," என்றாள்.