பதினோராவது பொத்தான்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குச் சுவரண்ணன் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் இத்தனை பொருத்தமான பட்டப்பெயர் யாருக்கும் அமையாது. அந்த மனுஷன் பார்த்த வேலையே சுவராக இருப்பதுதான்.

விஷயம் இதுதான். அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு வீடு இருந்தது. நிஜ வீடு இல்லை, வீடு மாதிரி. ஒரு சோபா, சாப்பாட்டு மேசை, சின்ன சமையல் மேடை, தானாக ஏறி இறங்கும் ஜன்னல் திரை, ஐந்து விளக்குகள், ஒரு ஃபேன். உட்கார்ந்த இடத்திலிருந்து "வெளிச்சம் போதாது" என்றால் விளக்கு கூடும். "புழுக்கமா இருக்கு" என்றால் ஃபேன் சுற்றும். ஏதாவது கேட்டால் கூரையிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகப் பதில் சொல்லும். கணினி மேசைமேல் உட்கார்ந்துகொண்டு நம்மை முறைக்கக் கூடாது, சுவரிலும் நாற்காலியிலும் விளக்கிலும் கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விட வேண்டும் என்பது அங்கே ஆராய்ச்சி நடத்திய மேடத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஒரே ஒரு குறை, அந்தக் கணினியை அவர்கள் இன்னும் செய்து முடிக்கவில்லை.

அதனால் சுவருக்குப் பின்னால் சுவரண்ணனை உட்கார வைத்திருந்தார்கள். கை இரண்டையும் நீட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கிற அறை. அந்த வீட்டில் நடப்பதைக் காட்டும் ஒரு திரை, காதில் ஹெட்போன், முன்னால் ஒரு பலகை. பலகையில் விளக்குக்கும் ஃபேனுக்கும் திருகுகள், பேசுவதற்குப் பன்னிரண்டு பொத்தான்கள். ஒன்றாவது பொத்தான் "சரி". இரண்டாவது "செய்துவிட்டேன்". பதினோராவது "புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்." இயந்திரத்தைச் செய்வதற்கு முன்னால் மனிதர்கள் அதனிடம் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று தெரிய வேண்டுமாம். அதற்காக மனிதன் இயந்திரம் மாதிரி நடிக்க வேண்டுமாம். முப்பது வருஷம் நாடக மேடைகளில் விளக்குப் போட்ட கை, இருட்டில் உட்கார்ந்து மற்றவர்களைப் பிரகாசமாகக் காட்டிய கை. இந்த வேலை அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி வந்தது.

விதிகள் நாலே நாலு. யாராவது ஏதாவது சொன்னால் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத்தான் செய்ய வேண்டும், உடனே செய்தால் மனுஷவாடை அடித்துவிடும். பத்துக்கு ஒரு தடவை வேண்டுமென்றே பதினோராவது பொத்தானை அழுத்தித் தடுமாற வேண்டும். வருகிறவர் தெரிந்தவராக இருந்தால் மணியை அடித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். நாலாவது, ஒருவர் வந்து போகும் மூன்று நாட்களில் கடைசி நாளன்று உண்மையைச் சொல்லி, கேட்டுக்கொண்டிருந்தவர் வெளியே வந்து முகத்தைக் காட்ட வேண்டும்.

நாலையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாவதைத்தான் மீறினார்.

அவருக்கு ஒரு அக்கா. வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இருக்கிறவள். அந்த அக்காவிடம் இவர் தன் வேலையைப் பற்றி விட்டிருந்த கதை இருக்கிறதே, அப்பப்பா! "கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கா. நாளைய உலகத்துக்கு வீடு கட்டுறோம். எல்லாம் என் கையிலதான் ஓடுது." கடைசி வாக்கியம் மட்டும் நிஜம். எந்தக் கட்டடம், எந்தத் தெரு என்று சொல்லவில்லை. சொன்னால் ஒருநாள் பார்க்க வந்துவிடுவாளே.

சொல்லாமலே வந்தாள். தனியாக வாழும் பெரியவர்கள் வேண்டும் என்று மருத்துவமனைப் பலகையில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கைப்பையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். திரையில் அக்காவைக் கண்டதும் சுவரண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என் தம்பிகூட இந்த மாதிரி ஆராய்ச்சியிலதாம்மா பெரிய ஆளா இருக்கான்" என்று மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவனைப் பார்க்கிறதே குதிரைக்கொம்பு. அவ்வளவு வேலை."

மணி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேடம் வந்து கதவைத் திறப்பார். "தெரிஞ்சவங்களா அண்ணா?" என்பார். அந்தப் பெரிய ஆள் அலமாரி மாதிரி ஒரு பொந்திலிருந்து வெளியே வருவார். அந்த வெட்கத்துக்குப் பயந்து சும்மா இருந்தார். இந்த ஒரு தடவை மட்டும், என்று சொல்லிக்கொண்டார். எல்லாத் தப்பும் இந்த ஒரு தடவையில்தானே ஆரம்பிக்கிறது.

இரண்டு மணி நேரம் ஒழுங்காகவே போனது, ஒரு இடத்தைத் தவிர. ஃபேன் நாலில் ஓடிக்கொண்டிருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்கா வலது உள்ளங்கையை எடுத்துக் காதைப் பொத்தினாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரண்ணன் ஒன்று எண்ணவில்லை, இரண்டு எண்ணவில்லை, கை தானாகப் போய் ஃபேனை இரண்டுக்குக் குறைத்துவிட்டது. சின்ன வயதில் ஒரே அறையில் படுத்திருந்தவர்கள். காற்றுப் பட்டால் அக்காவுக்குக் காது குடையும். அவள் கை காதுக்குப் போனதும் எழுந்து போய் ஃபேனைக் குறைப்பது தம்பியின் வேலை. நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் கை மறக்கவில்லை. அக்கா பேப்பரைத் தாழ்த்தி ஃபேனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு படிக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது புதன்கிழமைதான் வினை வந்தது.

அன்று அக்கா பேப்பர் எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள், நேராகச் சுவரைப் பார்த்து.

ஒன்று, இரண்டு. "சரி" என்றது கூரைக்குரல்.

"எங்க அம்மா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. கடைசி நாள் நான் ஊர்ல இல்ல, பஸ்ஸுல வந்துக்கிட்டிருந்தேன். என் தம்பிதான் ஆஸ்பத்திரியில இருந்தான். நான் ஓடி வந்தப்ப அவன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான். 'அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாங்கக்கா, பெரியவ வந்துட்டாளான்னு ரெண்டு தடவை கேட்டாங்க'ன்னு சொன்னான்."

சுவரண்ணன் ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை.

"ஒரு மாசம் கழிச்சு இறப்புச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்னைக்கு அம்மாவைப் பார்த்துக்கிட்ட நர்ஸ் என்னைத் தனியா கூப்பிட்டு மன்னிப்பு கேட்டாங்க. 'பக்கத்துல யாருமே இல்லாம போயிட்டாங்களேம்மா, நானாவது நின்னிருக்கணும்'னு. மத்தியானமே தம்பி கிளம்பிப் போயிட்டானாம். நாடகத்துக்கு லைட் போட."

அரைமணி நேரம் என்று நினைத்துத்தான் சுவரண்ணன் அன்று போனார். ஒத்திகைக்கு விளக்கைச் சரிபார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான். திரும்பி வந்தபோது கட்டிலில் அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அக்கா வந்து "கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது, ஒன்றுமே தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பொய் வந்தது. அதுவும் எவ்வளவு அழகான பொய்!

"அம்மா என்னைத் தேடினாங்கன்னு ஒரு மாசம் நினைச்சு நினைச்சு அழுதேன். அப்புறம் தெரிஞ்சுது, அம்மா யாரையும் கேக்கல. தனியாத்தான் போனாங்க." அக்காவின் குரல் இப்போதும் உயரவில்லை. "அவன் போனதுகூட எனக்குக் கோபமில்ல. வேலைன்னா போய்த்தான் ஆகணும். என்னைக்காவது அவனே வாயைத் திறந்து சொல்லுவான்னு ஒன்பது வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன். அதுக்குப் பயந்துதான் வீட்டுப் பக்கமே வர மாட்டேங்கிறான். இப்ப நீ சொல்லு. நானே கேட்டுடட்டுமா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? சுவரண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு பொத்தான்களும் கண்ணுக்கு முன்னால் நீந்தின. "சரி" என்பதா? "செய்துவிட்டேன்" என்பதா? எண்ணிக்கை இரண்டைத் தாண்டியது. மூன்று, நாலு, ஐந்து. ஏதாவது ஒன்றை அழுத்தியாக வேண்டும். விரல் பழக்கதோஷத்தில் போய் விழுந்தது.

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றது அந்தப் பாவிக்குரல்.

காது கேளாதவரிடம் சொல்வதுபோல அக்கா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "என் தம்பி. அம்மா பக்கத்துல. இல்ல. இருந்தேன்னு. என்கிட்ட. பொய். சொன்னான்."

பெற்ற தாயைத் தனியாகச் சாகவிட்டது ஒன்று. அதை மறைத்தது இரண்டு. அந்தக் காயத்தை அக்காவின் வாயாலேயே இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டது மூன்று. சுவரண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. முகம் கழுவப் போனவர் கண்ணாடியைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்.

மூன்றாவது புதன்கிழமை மேடத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அன்றுதான் முகம் காட்டும் நாள்.

"மேடம், இன்னைக்குக் கடைசியில எனக்குப் பதிலா வேற யாரையாவது காட்டிடலாமா? எனக்குப் பல் வலி."

"பல் வலிக்கும் முகத்தைக் காட்டுறதுக்கும் என்னண்ணா சம்பந்தம்?" மேடம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அது மட்டும் முடியாதுண்ணா. இங்க வர்றவங்க தனியா இருக்கோம்னு நம்பித்தான் பேசுறாங்க. யார் கேட்டாங்களோ அவங்கதான் வந்து நிக்கணும். பேசினவங்க வேண்டாம்னு சொன்னா எல்லாப் பதிவையும் அழிச்சிடுவோம். அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டாமா?"

பொந்துக்குப் பின்கதவு ஒன்று உண்டு. திறந்தால் படிக்கட்டு. அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தபோது சுவரண்ணனின் ஒரு கை பலகையில் இருந்தது, இன்னொன்று அந்தக் கதவின் தாழ்ப்பாளில். ஓடிவிட்டால் வேலை போகும், போகட்டும். அக்கா மட்டும் போனில் எப்போதும்போல "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். சாகிறவரை இருவரும் இப்படியே ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டே போய்விடலாம்.

அக்கா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கைக் கேட்கவில்லை, திரையைக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரமும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தாள். அது நாலில் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கையைத் தூக்கிக் காதைப் பொத்தினாள்.

பொத்தியபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. முதல் நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது. போன வாரம் அவள் பேசியது சுவரிடம் இல்லை. அக்கா தம்பியிடம் பேசியிருக்கிறாள், தம்பி பதினோராவது பொத்தானை அழுத்தியிருக்கிறான். சீ, இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா? தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். ஃபேனை இரண்டுக்குக் குறைத்தார். அக்கா காதிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மேடம் வந்தார். "அம்மா, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். இந்த வீட்டை நடத்தினது மெஷின் இல்ல, ஒரு மனுஷர். அவரை இப்ப கூப்பிடுறேன்" என்று சுவரோடு சுவராக இருந்த கதவைத் திறந்தார். சுவரண்ணன் குனிந்துதான் வெளியே வர வேண்டும், அவ்வளவு சின்ன கதவு. வெளியே வந்த பிறகும் நிமிரவில்லை.

"இவன் என் தம்பிம்மா" என்றாள் அக்கா.

மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, மணி அடிக்கணும்னு..."

"முதல் நாளே எனக்குத் தெரியும். நான் காதைப் பொத்தினதும் ஃபேன் குறைஞ்சுது. எந்த மெஷினுக்கும்மா என் காதுவலி தெரியும்?" அக்கா எழுந்திருக்கவில்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நாடகத்தில் ஒருவர் வசனத்தை மறந்துவிட்டால் மற்றவர் பார்ப்பாரே, அப்படி.

ஒன்று, இரண்டு என்று எண்ண அவருக்கு நேரம் நிறைய இருந்தது. அறையின் ஐந்து விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரிந்தன, குறைக்க உள்ளே ஆள் இல்லை. எத்தனையோ பேரை வெளிச்சத்தில் நிறுத்தியவர், அன்று தானே நின்றார்.

"அக்கா" என்றார். "அம்மா போனப்ப... நான் அங்க இல்லக்கா." பாதி வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

அக்கா அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, முகம் அசையவில்லை. அந்தக் கூரைக்குரல் எப்படி ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுமோ, அதே மாதிரி பேசினாள்.

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

அவர் தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, மீண்டும் சொன்னார்.