இருபது நிமிடத் தொலைவு

ஐதராபாத்திலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். புதுச்சேரியில் இறங்கி, ஐந்தரை மணி நேரம் கழித்து அங்கிருந்து வேறு விமானம் ஏறும்படி சீட்டு எடுக்கச் சொன்னபோது, பயண முகவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். எழுபத்தொரு வயதுக்காரர் எதையோ தவறாகச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்தரை மணி நேரம்தான்.

என் மனைவி சரோஜாவின் ஊர் வில்லியனூருக்கு அருகே, சங்கராபரணி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. ஊரின் பெயரை அங்குள்ளவர்களின் பொருட்டு விட்டுவிடுகிறேன். சிறுமியாக இருந்தபோது வில்லியனூர்ப் பள்ளிக்கு வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் நடந்துவிடுவதாக அவள் சொல்வாள். நான் பொறியியல் கல்லூரியில் நில அளவை கற்பித்தவன். வரைபடத்தில் சாலைப் பாலம் வழியாக நான்கு கிலோமீட்டர். ஐம்பது நிமிடத்துக்குக் குறைவாக முடியாது. மகளின் காதுகுத்து விருந்தில், என் மாமனாரும் சக ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்த பந்தியில், இதைக் கணக்குப் போட்டு நிரூபித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த சரோஜா தன் தந்தையை ஒருமுறை பார்த்தாள். பிறகு ரசம் எடுத்துவர உள்ளே போய்விட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் நம்ப முடியாத எதற்கும் 'அம்மாவின் இருபது நிமிடம்' என்று பெயர்.

சென்ற ஆவணியில் அவள் காலமானாள். மாமனார் ஊருக்குப் பலமுறை போயிருக்கிறேன், எப்போதும் வாடகைக் காரில். அந்தத் தொலைவை ஒருமுறைகூட நடந்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

முற்பகல் 10.35. தை மாதத்து வெயில் இதமாக இருந்தது. லாசுப்பேட்டை விமான நிலையம் சிறியது. விமானத்திலிருந்து கட்டடத்துக்கு நடந்தே வந்துவிடலாம். என்னிடம் ஒரு தோள்பை மட்டுமே. வாசலில் ஆட்டோ ஓட்டுநர் மூலக்குளத்துக்கு இருநூற்றைம்பது கேட்டு, இருநூற்றுக்கு இசைந்தார். மூலக்குளத்தில் யார் வீடு என்று விசாரித்தார். யார் வீடும் இல்லை, நடப்பதற்காகப் போகிறேன் என்றேன்.

"நடக்கறதுக்கு பீச்சுக்குப் போவாங்க சார். மூலக்குளத்துல இன்னா இருக்கு, ட்ராபிக்தான்" என்றார்.

11.20. அவர் சொன்னது மெய்தான். ஆனால் பார்ப்பதற்கு நிறைய இருந்தது. டைல்ஸ் கடை, அடுத்துக் கழிவறைச் சாதனங்கள், அடுத்து மீன்தொட்டி: புதிதாக வீடு கட்டுபவருக்கு வேண்டியவை எல்லாம் வேண்டும் வரிசையிலேயே அமைந்திருந்தன. இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே, விற்கப்படாத ஒரே துண்டு வயலில் அறுவடை எந்திரம் திரும்ப இடமில்லாமல் திணறியது. இரும்புக்கடைக்காரர் ஒருவரிடம் வில்லியனூர் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பத்து நிமிடம் என்றார். வண்டியிலா என்று கேட்டதற்கு, வேறெப்படி என்பது போலப் பார்த்தார். மேலும் இருவரிடம் கேட்டுப் பார்த்தேன். யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்லவில்லை. நான் கணக்கிட்டபடி நாலரை கிலோமீட்டர்; என் நடைவேகத்தை அறியவே அதை நடந்தேன். எனக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் பிடித்தது.

12.25. வில்லியனூரில் தேநீர் பன்னிரண்டு ரூபாய். கோயில் மதிலையொட்டி, தேர் நிற்கும் தெருவில் துணிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நெருங்கியிருந்தன. மாதா கோயில் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதும், பாத்திரக்கடை அம்மாள், நெற்றியில் திருநீறு துலங்க, போன சனிக்கிழமை தாம் அங்கே போய் மெழுகுவத்தி ஏற்றி வந்ததையும் சேர்த்து வழி சொன்னார். பார்க்க நேரமில்லை. பள்ளி வாசலைக் கண்டுபிடித்து, காவலாளியின் சந்தேகப் பார்வைக்கு நடுவே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். 12.40.

ஆரியபாளையம் பாலத்தின்மேல் பேருந்துகள் உரசிக்கொண்டு போயின. கீழே மழைக்காலத்து நீர் இன்னும் வடியவில்லை. மணல்வழியே இறங்கிக் கடந்திருப்பாளோ என்ற என் ஊகம் அங்கேயே பொய்த்தது. மழை நாளிலும் இருபது நிமிடம்தான் என்பாள். பாலம் கடந்து திரும்பினால் கரும்பு, நெல், மறுபடி கரும்பு.

1.34. ஊர் முகப்பை எட்டியபோது ஐம்பத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. என் கணக்கே சரியென்று ஆயிற்று. அதில் எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை.

அங்கே கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. டிராக்டரில் கட்டு அடுக்குபவர்களை, சேலைக்குமேல் முழுக்கைச் சட்டை அணிந்த ஓர் அம்மாள் வரப்பிலிருந்து அதட்டிக்கொண்டிருந்தார். சரோஜாவின் வயதிருக்கும். நான் நேரம் குறிப்பதைக் கண்டதும் அதட்டல் என் பக்கம் திரும்பியது.

"இன்னா சார், மனை போட வந்தீங்களா? இது விக்கறதுக்கு இல்ல."

நிலம் வாங்க வரவில்லை, பள்ளியிலிருந்து இங்கே நடக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறேன், ஐம்பத்து நான்கு நிமிடம் ஆயிற்று என்றேன்.

"அம்பத்து நாலா?" அவர் டிராக்டர்மேல் நின்றவரிடம் திரும்பினார். "கேட்டியாடா. நாங்கல்லாம் இருபது நிமிஷத்துல போயிருக்கோம்."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். நாங்கள் என்றால் யார் யார் என்று கேட்டேன்.

"நானும் சரோசாவும். மேலத்தெரு. உங்களுக்குத் தெரியாது."

தெரியும் என்றேன், நான் அவளுடைய கணவன் என்றேன். அவர் பெயர் தனகோட்டி. வரப்பிலிருந்து இறங்கி வந்து, அது ஏன் கூட வரலை என்று கேட்டார். சொன்னேன். அவர் ஆட்களை டீ குடிக்கப் போகச் சொன்னார். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்து, "இது அவங்கம்மாவாட்டம் இருக்குது அண்ணே" என்றார்.

எந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்டேன்.

அவர் மோவாயால் சுட்டினார். கரும்புக்கு அப்பால் ரயில் பாலம். வரும்போது சாலைப் பாலத்திலிருந்து நானும் அதைப் பார்த்தேன். அதை ஒரு வழியாக எண்ணவில்லை. காலை வண்டி போய்விட்டால் அப்போதெல்லாம் மதியம் வரை வண்டியில்லையாம். இருவரும் கட்டைக்குக் கட்டை தாவி, நடுவே ரயில்வே ஆட்கள் ஒதுங்கி நிற்கும் மேடையில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, அக்கரை போய்ச் சேர்வார்களாம். பாலத்தில் ஏறினால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று இரண்டு தந்தையரும் எச்சரித்திருந்தார்கள். ஏழாம் வகுப்பில் ஒருநாள், தண்டவாளம் பார்க்க வந்த கேங்மேன் துரத்திப் பிடித்துவிட்டார்.

"என்னைத்தான் புடிச்சாரு. சரோசா முன்னால ஓடிடுச்சு. கூட யாருன்னு கேட்டு கேட்டு எங்கப்பா அடிச்சாரு. நான் சொல்லல. எனக்குப் படிப்பு போச்சு, அதுவாவது படிக்கட்டும்னு. சரோசா அப்பா காதுக்கு எப்பவும் போவக் கூடாதுன்னு அதுகிட்ட சத்தியம் வாங்கிக்கினேன்."

அதன்பின் சரோஜா பாலத்தில் தனியாகப் போனாளாம்.

பந்தியில் அவள் தந்தையைப் பார்த்த பார்வை இப்போது விளங்கியது. அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த வழி என்று நான் கேட்டதில்லை. முடியாது என்று மட்டுமே சொல்லிவந்தேன்.

1.58. தனகோட்டி கூட வர, மேலத்தெருவிலிருந்து பாலத்தின் முனைவரை நடந்தோம். எட்டு நிமிடம். தண்டவாளத்தில் நடப்பது குற்றம் என்று பலகை இருந்தது.

"ஏறுங்களேன் அண்ணே."

பலகையைக் காட்டினேன்.

"தெரிஞ்சுதான நாங்க ஏறினோம்" என்றார்.

நான் ஏறவில்லை. கண்ணளவில் பாலத்தைக் கணித்தேன்: நான்கு நிமிடம். அவருடைய மகன், நாற்பது வயதுக்காரர், தன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிச் சாலைவழியே சுற்றி மறுமுனையில் கொண்டுவந்து இறக்கினார். புறப்படும்போது தனகோட்டி மறுபடி ஒருமுறை படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

2.31. மறுமுனையிலிருந்து பள்ளி வாசல் ஒன்பது நிமிடம். எட்டும் நான்கும் ஒன்பதும் இருபத்தொன்று. எழுபத்தொரு வயதுக் கால்களுக்கு இருபத்தொன்று. பன்னிரண்டு வயதுக் கால்களுக்கு எவ்வளவு என்று இனி வாதிட ஒன்றுமில்லை.

ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார், கொடுத்தேன். 3.20க்கு விமான நிலையம். விமானத்தில் ஏறி இருக்கையில் அமர்ந்ததும் பெங்களூரிலிருந்து மகள் அழைத்தாள். புதுச்சேரியில் என்ன வேலை என்று காலையிலிருந்தே அவளுக்குக் குழப்பம். ஊருக்குப் போனேன் என்றேன். "அம்மா சொன்ன இருபது நிமிடம் சரிதான். தவறு என்னுடையது."

அவள் கேட்டாள்:

"எந்த வழியாப்பா போவாங்களாம்?"

விமானம் நகரத் தொடங்கியிருந்தது. கைப்பேசியை அணைக்கும்படி பணிப்பெண் சைகை காட்டினார். ஒரு நிமிடம் என்று விரலால் வேண்டிக்கொண்டு, தனகோட்டியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.